கீறலின் ஆழம்

காரே இல்லாத வீட்டில் பிறந்தவன் காரின் கீறலைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைக்கத்தான் செய்வார்கள். நகைக்கட்டும். எங்கள் வீட்டுக் கணக்கில் அரிசிக்கும் பாலுக்கும் அடுத்தபடியாக இடம்பெற்ற செலவு அது. என் தந்தையார் அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் கார் ஓட்டுநர். வண்டியில் புதிதாக ஒரு கோடு விழுந்தால், யார் உரசினார்கள், எங்கே உரசினார்கள் என்ற விசாரணையெல்லாம் முதல் நாளோடு முடிந்துவிடும். மாதக் கடைசியில் சம்பளத்தில் ஐந்நூறோ ஆயிரமோ குறைந்திருக்கும். காப்பீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். சிறு கீறலுக்கு இழப்பீடு கோரினால், கோராமலிருந்த ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைத்துவரும் தள்ளுபடி போய்விடும். 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை உயரும் தள்ளுபடியை எந்த முதலாளி விடுவார்? ஓட்டுநர்தான் அருகிலேயே இருக்கிறாரே!

கீறல் விழாமல் வண்டி ஓட்டும் ஊரா இது? மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா தொடங்கினால், அறுபத்துமூவர் நாளுக்கு முன்பே வண்டியை எங்கே ஒளித்து வைப்பது என்று அப்பா யோசிக்கத் தொடங்கிவிடுவார். தியாகராய நகர் அதைவிட மோசம். சென்ற ஆண்டு உஸ்மான் சாலைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் நிறுத்தியிருந்த வண்டியை, இடுக்கில் புகுந்த ஸ்கூட்டர் ஒன்று இடப்புறப் பின்கதவில் கோடு கிழித்துவிட்டுப் போய்விட்டது. பட்டறையில் அந்த ஒரு கதவுக்கு நாலாயிரம் கேட்டார்கள். "வீட்டிலேயே நானும் பையனும் பார்த்துக்கறோம் சார்" என்று அப்பா சொல்ல, "செலவு இல்லாம பண்றதுன்னா பண்ணுப்பா" என்று அனுமதி கிடைத்தது. இப்படித்தான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவனாகிய நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்த வீட்டுப் போர்ட்டிகோவில் போய் நின்றேன்.

காரின் வண்ணம் ஒரே பூச்சு அன்று. திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் முதலில் காரின் கூட்டையே எதிர்மின்வாயாக்கித் தொட்டியில் மூழ்கடித்து, மின்சாரத்தால் துரு தடுக்கும் பூச்சு ஏற்றுகிறார்கள். ஆய்வகத்தில் நாம் செம்பு முலாம் பூசுகிறோமே, அதற்கு இது பெரிய அண்ணன். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட். அனைத்தும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான்தான் தேறும்; ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. பளபளப்பு என்று நாம் மெச்சுவதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

"நகம் மாட்டுதா பாருடா" என்றார் அப்பா. கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டினால், மாட்டாமல் வழுக்கிச் செல்லும் கீறல் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று பொருள். இன்னொரு சோதனையும் அவருக்குத் தெரியும். தண்ணீர் தெளித்தால் மேலோட்டமான கீறல் மறைந்துவிடும். காற்றுக்கும் கிளியர் கோட்டுக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வேறுபாடு பெரிது, 1.33 உடைய நீர் இடையில் நிரம்பும்போது ஒளி சிதறுவது குறைகிறது என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மண்ணெண்ணெய் தடவிக் கீறலை மறைக்கும் ஓட்டுநர்களின் பழைய தந்திரமும் இதே இயற்பியல்தான். அடுத்த முறை வண்டியைக் கழுவினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கதவின் முன்பாதியில் நகம் வழுக்கியது; கைப்பிடிக்குக் கீழே இரண்டு அங்குலம் மாட்டியது.

முன்பாதியை முதலில் எடுத்துக்கொண்டோம். நன்றாகக் கழுவித் துடைத்து, 2000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரே திசையில் மெல்லத் தேய்த்தோம். பிறகு 3000. கதவு சாம்பல் பூசியதுபோல் மங்கிப் போனபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா மட்டும் அசரவில்லை. காம்பவுண்டு போட்டுத் துணியால் அழுத்தித் தேய்க்க, மங்கல் விலகி முகம் தெரிந்தது. வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். தகரம் சுட்டால் காம்பவுண்டு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீறலை நாம் நிரப்புவதே இல்லை. அதைச் சுற்றியுள்ள மேற்பரப்பைக் கீறலின் அடிமட்டத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம். ஒவ்வொரு பாலீஷும் அந்த 50 மைக்ரானிலிருந்து எடுக்கும் செலவு, திரும்ப வராது. அம்பாசடர் காலத்தில் அடித்த பழைய லாக்கர் வண்ணம் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்ந்தது. மேலே புதிதாக அடித்தால் பழையது சற்றுக் கரைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். இன்றைய கிளியர் கோட்டில் மூலக்கூறுகள் குறுக்குப் பிணைப்பால் வலையாகிவிட்டன. அது கரையாது, சேர்ந்துகொள்ளவும் செய்யாது.

(தினமும் காலையில் வண்டியைப் பளிச்சென்று துடைக்கச் சொல்லும் முதலாளிகள் கவனிக்கவும்: மஞ்சள் துணிக்கும் தகரத்துக்கும் நடுவே சிக்கும் மணல் துகள் கண்ணாடியையே கீறக்கூடியது. வெயிலில் தெரியும் சிலந்தி வலைக் கோடுகள் பெரும்பாலும் ஸ்கூட்டர்காரன் போட்டவை அல்ல, உலர்ந்த துணி போட்டவை.)

அந்த இரண்டு அங்குலத்தில் பிரைமர் வெளுப்பாகத் தெரிந்தது. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் அன்றாடம் போய்வரும் வண்டி. கடற்காற்றின் உப்பு தகரத்தைத் தொட்டுவிட்டால் வண்ணத்துக்கு அடியிலேயே துரு பரவும். ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில், வண்டியில் ஒட்டியிருந்த வண்ண எண்ணைக் காட்டி வாங்கிவந்த டச்சப் புட்டியைத் திறந்து, பல்குச்சி முனையால் மெல்லிய பூச்சாக மூன்று முறை வைத்தோம். ஒவ்வொன்றும் உலரக் காத்திருந்து, கடைசியில் கிளியர். மழைக்கால ஈரக்காற்றில் இதைச் செய்தால் வண்ணம் வெளுத்துப் பூத்துவிடும் என்பதால் மார்கழி கழியட்டும் என்று அப்பா காத்திருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பத்தடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்து சாய்வாகப் பார்த்தால் மெல்லிய கருங்கோடு தெரிந்தது. அது சாம்பல் நிற மெட்டாலிக் வண்ணம். தொழிற்சாலையில் தெளித்தபோது அலுமினியத் துகள்கள் படுத்த வாக்கில் பல்குச்சியால் அவற்றைப் படுக்க வைக்க யாராலும் முடியாது.

அப்பா தாமாகவே முதலாளியை அழைத்து அந்தக் கோட்டைக் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பரவாயில்லையேப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாதக் கடைசியில் உறையை அப்பா பிரிக்காமலே அம்மாவிடம் கொடுத்தார். அம்மா எண்ணினார். ஐந்நூறு குறைந்திருந்தது. புட்டிக்கும் பேப்பருக்கும் நாங்கள் கொடுத்தது வேறு.