மலைநகரில் மூன்று நாள்

ஊர் சுற்றிப் பார்ப்பது பணம் படைத்தோர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. திருவிழாவுக்குக் கடன் வாங்குவோம். திருமணப் பந்தலுக்குக் கடன் வாங்குவோம். ஆனால், பெற்றோரை அழைத்துக்கொண்டு, நாம் வாழும் நாட்டின் மலை ஒன்றைக் கண்டு வருவதென்றால் அதனை வீண் செலவு என்போம். எனக்கும் அவ்வெண்ணம் இருந்தது. அதனை மாற்றியவர் என் தாயார்.

சென்ற பள்ளி விடுமுறையில் தாயாருடன் கேமரன் மலைக்குச் சென்று, தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் தங்கினேன். தாப்பாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் பாதை அது. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவை அதிகாரி இம்மேட்டு நிலத்தைக் கண்டார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. அவர் காண்பதற்கு நெடுங்காலம் முன்னரே அக்காடுகளில் செமாய் மக்கள் வாழ்ந்து வந்தனர். வாழ்ந்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்! மலையேறும்போதே இவ்வுண்மை என் மனத்தில் உறுத்தியது. ஆனால், அது என்னையே சுடப் போகிறது என்பதை அப்போது நான் அறியேன்.

ஹோட்டலில் பதிவேடு எழுதும் இளம்பெண் தமிழச்சி. பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்றைத் தந்து, “இதற்கு முன் இங்கே வந்திருக்கிறீர்களா அம்மா?” என்று அன்போடு கேட்டாள்.

“வருவதென்ன, தாயி! பதின்மூன்று வயதில் கூடை தூக்கினேன். கல்யாணமாகி ரப்பர்த் தோட்டத்துக்குப் போகும் வரைக்கும் இந்த மலையில்தான் கொழுந்து கிள்ளினேன்” என்றார் தாயார்.

அருகில் வேறு விருந்தினர் நின்றிருந்தனர். நான் சட்டென்று குறுக்கிட்டு, காலைப் பலகாரம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். கூட்டங்களில் தன்மானத்தைப் பற்றி முழங்கிய நாவு, தாயின் உழைப்பை மறைக்கப் பலகாரத்தின் நேரம் கேட்டது. தாயார் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

முதல் நாள் பட்டியலின்படியே சுற்றினோம். ஊருக்கு அண்மையிலுள்ள ராபின்சன் நீர்வீழ்ச்சிக்கு நடந்து சென்றோம். சந்தையில் சோளமும் ஸ்ட்ராபெரிப் பழமும் வாங்கித் தின்றோம். பகலிலும் போர்வையை நினைக்கச் செய்யும் குளிரைத் தவிர, மனத்தில் நின்றது வேறொன்றுமில்லை.

மறுநாள் வாடகை மோட்டாரில் பிரிஞ்சாங் மலையுச்சியை நோக்கிச் சென்றோம். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது அச்சிகரம். உச்சியை நெருங்க நெருங்க மரங்கள் குட்டையாகின்றன. அடிமரம் முதல் நுனிக்கிளை வரை பச்சைப் பாசி போர்த்திருக்கிறது. சிறுமியாயிருந்தபோது, அங்கே முனி உலாவுகிறது என்று பெரியவர்கள் அஞ்சவைத்திருந்ததாகத் தாயார் கூறினார். நாங்கள் வழியில் இறங்கி நெடுநேரம் நின்றோம். முனி வரவில்லை, மேகந்தான் வந்தது. அம்மேகத்தின் ஈரமே பாசியை வளர்க்கிறது. பாசிக்கிடையே இலை நுனியில் சிறு குடுவை தாங்கிய செடிகளும் இருந்தன. வழுக்கி உள்ளே விழும் பூச்சியைக் கரைத்து, வளமற்ற மண் தராத சத்தை அச்செடி பெற்றுக்கொள்கிறது. “இத்தனை நாளும் இதற்கா பயந்தேன்!” என்று தாயார் சிரித்தார்.

திரும்பும் வழியில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றோம். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் நிறுவிய போ தேயிலை நிறுவனத்தைச் சேர்ந்தது அது. தாயார் வேலை செய்தது வேறொரு தோட்டம். சரிவின்மேல் நீண்டு நிற்கும் மேடையில் மக்கள் கூடிப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என்று நானும் வியந்தேன்.

“கம்பளமா? விட்டால் மரமாக வளர்கிற செடி தம்பி இது. இடுப்பளவில் வெட்டி வெட்டி நிறுத்தியிருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளவேண்டும். முற்றல் இலை கலந்தால் நிறுவையில் கழித்துவிடுவார்கள்” என்றார் தாயார்.

பிறகு தொழிற்சாலையைப் பார்த்தோம். பறித்த இலையை வாட்டுகிறார்கள்; உருட்டிக் கசக்குகிறார்கள். கசங்கிய இலையின் சாறு காற்றோடு கலக்கும்போதுதான் பச்சை மாறிச் செம்பு நிறமும் மணமும் பிறக்கின்றன. அதன்பின் சூட்டில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நான் இவற்றைக் குறித்துக்கொண்டிருந்தேன். தாயாரோ உருட்டும் இயந்திரத்தை விட்டு நகரவேயில்லை. காரணம் கேட்டேன். “நிறுவைக் கொட்டகையோடு எங்கள் வழி முடிந்துவிடும். கொழுந்து அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். ஆண்டுக்கணக்கில் கிள்ளிய கைக்குத் தன் உழைப்பின் முடிவைக் காண ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஆயின.

வெளியே சாலையோரச் சரிவில், கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் கண்டோம். வங்காள தேசத்தவர். இன்று இம்மலையில் தமிழருடன் வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் பாடுபடுகின்றனர். தாயார் அவரை அழைத்து, கட்டைவிரலையும் இரு விரல்களையும் சேர்த்துக் கிள்ளிக் காட்டினார். அவர் புரிந்துகொண்டு, கைகூப்பிச் சிரித்தார். “நம்மைக் கூலி என்றபோது நமக்கு எரிந்ததே, இந்தப் பிள்ளைகளை இன்றைக்கு நம் ஆட்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பார்த்தாயா தம்பி?” என்று கேட்டார் தாயார். என்னிடம் மறுமொழி இல்லை.

மூன்றாம் நாள், பட்டியலில் இல்லாத ஓர் இடத்துக்குத் தாயார் வழி காட்டினார். அவர் பிறந்த லயம் இருந்த இடம் அது. லயமுமில்லை, ஆயக்கொட்டகையுமில்லை, பிளாஸ்டிக் கூரையின்கீழ் காய்கறி விளைகிறது. தண்ணீர்க்குழாய் நின்ற கல்மேடை ஒன்றுதான் எஞ்சியிருந்தது. தாயார் அதன்மேல் சிறிது நேரம் உட்கார்ந்தார். “இங்கே வரிசையில் குடம் வைத்துவிட்டுத்தான் பெரட்டுக்கு ஓடுவோம்” என்றார். அழவில்லை. நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புறப்படும்போது அப்பெண், எந்த இடம் பிடித்தது என்று கேட்டாள். பலர் கேட்கவே சொன்னேன்: “என் தாயார் கொழுந்து கிள்ளிய இந்த மலை முழுவதும் பிடித்தது.” தாயார் என் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தார், போதும் என்று பொருள்.

அன்பர்களே! பட்டியலில் உள்ள காட்சிகளெல்லாம் காணத்தக்கவையே. ஆனால், அக்காட்சிகளுள் எத்தனையோ மனிதக் கைகளால் ஆனவை. அவற்றுள் நம் வீட்டுக் கைகளும் உண்டு. அக்கைகளுக்கு உரியவர் உயிரோடிருக்கும்போதே அவர்களை அழைத்துச் செல்லுங்கள். விருந்தினராக நாற்காலியில் அமர்த்தி ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினால், என்னைப்போல் பலகார நேரம் கேட்காதீர்கள்.