எரிந்த செட்டும் எரித்த காரணமும்

தமிழ்நாட்டு மைக்செட்காரர்களிடம் உள்ள பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் 100 வோல்ட் லைன் முறையில் வேலை செய்பவை. செட்டுக்குள் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஒலியின் மின்னழுத்தத்தை 100 வோல்ட் வரை உயர்த்தித் தெருவுக்கு அனுப்பும். ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கரோடும் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் அதைத் திரும்பக் குறைத்துக்கொள்ளும். 100 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரே கொடுத்தால் வயரில் மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட் லைனில் ஒரு ஆம்பியர் போதும். அதனால்தான் கோயில் வாசலிலிருந்து ஊர் எல்லை வரை மெல்லிய வயரே தாங்குகிறது.

செட்டுக்கு எமனாக வருவதும் அந்த வயர்தான். மரத்திலும் கம்பத்திலும் இழுத்துக் கட்டிய வயரில், டேப் சுற்றாமல் விட்ட ஒரு முடிச்சில் இரண்டு கம்பியும் உரசிக்கொண்டால் பவர் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். மாசி, பங்குனிக் கொடைகள் முடிந்த கையோடு பட்டறைகளில் செட்டுகள் இடுப்புயரம் அடுக்கியிருப்பது இதனால்தான். அகுஜா கம்பெனி செட்டுகளே அதிகம். நடுவே உள்ளூரில் அசெம்பிள் செய்தவையும் இருக்கும்.

மூடியைக் கழற்றியதும் முதல் வேலை, பெரிய கண்டன்சர்களில் தேங்கிய மின்சாரத்தை வடிப்பது. டிரான்சிஸ்டர் செட்டில் அது சில பத்து வோல்ட். வால்வு செட்டில் 400 வோல்ட்டைத் தொடும், ஆளையே சாய்த்துவிடும். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க வடிப்பவர்களும் உண்டு. அது கண்டன்சருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. விவரமான மெக்கானிக், இரண்டு முனையிலும் வயர் பற்றவைத்த பெரிய ரெசிஸ்டர் ஒன்றை இதற்கென்றே ஆணியில் தொங்கவிட்டிருப்பார்.

அடுத்து மல்டிமீட்டர். பழைய செட்டுகளில் 2என்3055 என்ற இரும்புத் தொப்பி டிரான்சிஸ்டர் வரிசையாக இருக்கும். 60 வோல்ட், 15 ஆம்பியர் தாங்கக்கூடியது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டர் சுழியம் காட்டினால் அது ஷார்ட். ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் அதன் எமிட்டர் ரெசிஸ்டரையும், அதை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் பார்த்தே ஆக வேண்டும். ஒரே வரிசையில் செத்ததை மட்டும் மாற்றி மற்றவற்றை விட்டுவைப்பது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் புதியதின் கெயின் பழையவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் சுமை முழுக்க ஒன்றின் தலையில் ஏறி, அதுவும் அடுத்த கொடைக்குள் எரிந்துவிடும்.

போலிச் சரக்கு இன்னொரு தலைவலி. சென்னை ரிச்சி தெருவில் நல்லதும் கிடைக்கும், பழைய தொப்பியில் புது எழுத்து அச்சடித்ததும் கிடைக்கும். தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்ப்பது ஒரு சோதனை. சந்தேகம் தீரவில்லை என்றால் ஒன்றைப் பலி கொடுத்து ஹேக்ஸாவால் தொப்பியை அறுத்துப் பார்ப்பார்கள். உள்ளே சிலிக்கான் சில்லு கடுகளவே இருந்தால் அந்த வகையறாவே குப்பைக்கு.

புது டிரான்சிஸ்டரை அமர்த்துவதற்குள் பழையது ஏன் எரிந்தது என்று தெரிந்தாக வேண்டும். வெளியே வயர் ஷார்ட் ஆகவில்லை என்றால் சந்தேகம் பயாஸ் சர்க்யூட் மேல் விழும். ஓய்வு நிலையில் பவர் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டத்தை அளந்து வைப்பது அது. டிரான்சிஸ்டர் சூடாக ஆக அதைத் திறக்கத் தேவைப்படும் மின்னழுத்தம் டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். மின்னோட்டம் கூடும், இன்னும் சூடேறும். இதைக் கட்டுப்படுத்தும் சின்ன டிரான்சிஸ்டரோ டயோடோ ஹீட் சிங்கில் ஒட்டியிருந்தால்தான் அந்தச் சூட்டை உணர முடியும். மதுரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றின் மேசைக்கு வந்த செட்டில், முன்பு யாரோ பழுது பார்த்தபோது அதைக் கழற்றிவிட்டுக் காற்றில் ஆடவிட்டிருந்தார்கள். டிரான்சிஸ்டர்கள் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்த தடயம் ஈயத்தில் தெரிந்தது. ஹீட் சிங்கில் ஒரு துளை போட்டு அதைத் திருகிய பிறகுதான் புதியவை உள்ளே போயின. ஒவ்வொன்றுக்கும் அடியில் மைக்கா தகடு, இருபுறமும் மெல்லிய பேஸ்ட். பேஸ்டை வெண்ணெய் தடவுவது போல அப்பினால் சூடு கடத்துவது குறையும்.

புதுப்பித்த செட்டை எடுத்த எடுப்பில் லைனில் போடக்கூடாது. சீரிஸாக 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்ட வேண்டும். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், செட் பிழைக்கும். சரியாக இருந்தால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது என்பதால், கடைகளில் அருகிவரும் குண்டு பல்புகளை மெக்கானிக்குகள் டப்பாவில் பஞ்சு வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

பல்பு மங்கிய பிறகு அதை நீக்கிவிட்டு பயாஸ் வைப்பார்கள். 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 5.5 மில்லிவோல்ட் என்றால் 25 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு.

“அண்ணே, அஞ்சரை வந்துருச்சு, மூடிரவா?” என்கிறான் உதவிப் பையன்.

“சூடு ஏறட்டும்டா. அரை மணி கழிச்சு மறுபடியும் பாரு.”

அரை மணி கழித்து ஏழு காட்டியது. திருகு சிறிது பின்னுக்குப் போனது.

வடிகட்டும் கண்டன்சர்கள் எரியாமலே சாகும். உள்ளிருக்கும் திரவம் காய்ந்துவிட, ஸ்பீக்கரில் ஹம் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தியபின் மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அதிர்வு அது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி கண்டன்சர் வாங்குவது வீண் செலவல்ல.

வால்வு செட்டுகள் இப்போது அபூர்வம். அவற்றில் கப்ளிங் கண்டன்சர் கசிந்தால் இஎல்34 போன்ற பவர் வால்வின் தகடு சிவந்து பழுக்கும். ஸ்பீக்கர் இல்லாமல் ஒலியை ஏற்றினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி உள்சுற்று துளைபடும். அதைத் திரும்பக் கட்டுவது தனி ஆள் வேலை. பழைய காயிலை அவிழ்க்கும்போதே சுற்றுகளை எண்ணி, பிரைமரியும் செகண்டரியும் எந்த வரிசையில் மாறி மாறி அடுக்கப்பட்டிருந்தன என்று நோட்டில் குறித்துக்கொள்வார். எண்ணிக்கை சரியாக இருந்து அடுக்கு மாறிப்போனால் செட் பாடும். உச்ச ஒலிகள் மட்டும் மழுங்கிவிடும்.

கடைசிச் சோதனைக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. 100 வோல்ட் லைனில் 100 வாட் செட்டுக்கு 100 ஓம் பெரிய ரெசிஸ்டர் கட்டை ஒன்றே சுமை. அது கொதிக்கக் கொதிக்க ஒரு மணி நேரம் ஓட்டி, ஹீட் சிங்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, பியூஸ் அளவைச் சரிபார்த்த பிறகே மூடி திருகப்படுகிறது. மைக்செட்காரர் செட்டை எடுக்க வரும்போது பில்லோடு ஒரு டேப் சுருளும் அவர் கைக்குப் போகிறது.