சமய வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் தாள் பற்றி



ஞாயிறு சமய வகுப்பு மறுபடியும் தொடங்கியாச்சு. மண்டபச் சுவரில் நாங்கள் ஒட்டியிருக்கும் பாட நோக்கத் தாளைப் பார்த்துட்டு சில பெற்றோர் கேட்டாங்க: "தேவாரம் பாடத்தானே பிள்ளைய அனுப்புறோம், இங்கேயும் எதுக்கு உயர்நிலைச் சிந்தனை?" நியாயமான கேள்விதான். புலனக் குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் தொண்டர்களில் இரண்டு பேர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். அவங்க கொண்டுவந்த பழக்கம் இது. 1956-இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளரும் உடன் இருந்தவர்களும் சிந்தனையை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். 2001-இல் திருத்திய வரிசைதான் இப்போது பள்ளிகளில் புழங்குவது: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல். பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை.

"பிள்ளைகள் அப்பர் சுவாமிகளின் பெருமையை உணர்வர்" என்று எழுதினால் அழகாத்தான் இருக்கு. ஆனா உணர்ந்தாங்களா இல்லையான்னு வகுப்பு முடியும்போது எப்படிப் பார்ப்பது? அதனால்தான் தாளில் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் வினைச்சொற்கள் மட்டும்: பாடுவர், சொல்வர், காட்டுவர், ஒப்பிடுவர்.

இந்தத் தவணைக்கு எடுத்திருப்பது, சூலை நோயோடு வந்து அப்பர் பாடிய திருவதிகைப் பதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே நோக்கம்: முதல் பாடலைத் தாள் பார்க்காமல் கொல்லிப் பண்ணில் பாடுவர். தமிழ் படிக்கத் தெரியாதவங்களுக்கு ரூமி எழுத்தில் தாள் இருக்கு. மனனம் கீழ்ப்படி, அதனால் மட்டம் என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒத்துக்க மாட்டோம். பாட்டு வாயில் இல்லாமல் அதைப் பற்றி யோசிக்க என்ன இருக்கு?

அடுத்த குழு, அப்பர் ஏன் பாடினார் என்று சொந்த வார்த்தையில் சொல்லும். அப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் நால்வர் சந்நிதியில் அப்பர் யார் என்று காட்டணும். கையில் உழவாரப்படை இருக்கே, அதுதான் அடையாளம்.

பெரிய பிள்ளைகளுக்குத்தான் நிறைய யோசித்தோம். பதிமூணு, பதினாலு வயசில் கோயிலுக்கு வருவது குறையுது. பாடத் தெரியும், போட்டியில் பரிசும் வாங்கியிருப்பாங்க. ஆனா பள்ளியில் வேற இன நண்பன் "நீங்க ஏன் இப்படிக் கும்பிடுறீங்க?"ன்னு கேட்டா வாய் அடைச்சுப் போகுது. அங்கே மனனம் மட்டும் கை கொடுக்காது.

அதனால் அவங்களுக்கு இப்படி எழுதினோம்: சம்பந்தரின் முதல் பதிகத்தையும் அப்பரின் முதல் பதிகத்தையும் ஒப்பிட்டு ஒரு வேறுபாட்டைக் காட்டுவர். சம்பந்தர் குழந்தை, பால் கொடுத்தது யார் என்று அப்பாவுக்கு அடையாளம் சொல்கிறார். அப்பர் வயிற்று வலி தாங்காமல் முறையிடுகிறார். இரண்டும் பக்திதான், குரல்தான் வேற.

மதிப்பிடும் படிக்கு ஒரு கேள்வி. சமண மடத்தில் வலியால் துடித்த தம்பி ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, திலகவதியார் அங்கே வர மறுத்தார். தம்பியே தேடி வந்ததும் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அக்காள் மறுத்தது சரியா? இரண்டு காரணம் சொல்லணும். சரி என்றாலும் தவறு என்றாலும் மதிப்பெண் ஒன்றுதான், காரணம் பெரிய புராணக் கதைக்குள்ளிருந்து வரணும், அவ்வளவுதான். இது பக்திக்குக் குறை என்று எங்களுக்குத் தோணல. வீட்டில் அக்கா தம்பி சண்டை போடும் பிள்ளைக்கு, அந்த அம்மையார் அன்றைக்குத்தான் நிஜமான அக்காவாகத் தெரிவார்.

கடைசியாக, உடம்பு முடியாத பாட்டிக்கோ தாத்தாவுக்கோ சொந்தத் தமிழில் இரண்டு வரி வேண்டுதல் எழுதுவர். பிழை இருந்தால் இருக்கட்டும்.

வரும் ஞாயிறு அர்ச்சனை முடிந்து, அன்னதானத்துக்கு முன்னால், பெரிய பிள்ளைகள் திலகவதியார் கேள்விக்குப் பதில் சொல்றாங்க. பெற்றோர் வந்து உட்காரலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: வீட்டிலேயே பதிலைச் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீங்க.