மையத்தை எங்கே வைத்தாலும்

ஆரோவில்லின் வரைபடம் கட்டங்களால் ஆனதன்று. 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணைத் தாழியிலிட்டுத் தொடங்கப்பட்ட அந்நகருக்குக் கட்டடக்கலைஞர் ரோஜர் ஆங்கர் சுழலும் விண்மீன் மண்டலத்தின் வடிவத்தைக் கொடுத்தார். நடுவில் மாத்ரி மந்திர். அதிலிருந்து 1.25 கிலோமீட்டர் ஆரத்துக்கு நகரம். அதற்கப்பால் இன்னொரு 1.25 கிலோமீட்டருக்குப் பசுமை வளையம். ஆகவே எந்த இடத்தையும் இரண்டு எண்களில் சொல்லிவிடலாம்: மையத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணத்தில். துருவ ஆயத்தொலைகள் என்று கணிதத்தார் சொல்வது இதைத்தான்.

தமிழ் படித்த எனக்கு இதன் சுவையைக் காட்டியவர் எங்கள் கல்லூரிக் கணித ஆசிரியர். மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் இரண்டு வீடுகள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்? தெரியாது என்பதே சரியான விடை. கோணம் 60 பாகை எனில் ஒரு கிலோமீட்டர். 120 எனில் 1.73, நேரெதிர் எனில் 2. இரு ஆரங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கை இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கழித்து, வர்க்கமூலம் காண வேண்டும். ஒரே மையத்துக்குச் சம அளவில் அண்மையில் இருப்போர் தமக்குள் அண்மையில் இருப்பதாகப் பொருளில்லை. (நம் இலக்கியக் குழுக்களை நினைத்துக்கொண்டேன்.)

இது காகிதத்துத் தூரம். நடப்பவனுக்குப் பாதை வேண்டும். அதற்கென வரைபடத்தில் கிரௌன் என்னும் வட்டச்சாலை இருக்கிறது. கோணம் ஏறக்குறைய 114.6 பாகையைத் தாண்டினால் வட்டத்தில் சுற்றுவதைவிட மையத்தின் வழியே போவது குறுக்குவழி. ஆனால் மாத்ரி மந்திர் பொதுவழியன்று. அந்தச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் வெட்டப்பட்டதும், பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் தலையிட்டதும், உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவ்வாணையை நீக்கியதும் வாசகர்கள் அறிந்தவையே. வட்டம் வரைவது கவராயத்துக்கு எளிது.

குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் முதலிய ஊர்கள் ஆரோவில்லுக்கு முன்பே அங்கிருந்தவை. அவற்றுள் ஒன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, சிறுபாணாற்றுப்படை வகுப்பு முடிந்தபின் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, எல்லாத்தையும் அங்கிருந்தே அளக்கணுமா? எங்க வீட்டுக் கிணத்தடியை நடுவா வச்சா கணக்கு தப்பாயிடுமா?"

அவளைக் கணித ஆசிரியரிடம் அழைத்துப் போனேன். அவர் மகிழ்ந்து, புதிய மையத்தை வைத்துப் போட்டுக் காட்டினார். ஆரங்கள் மாறின, கோணங்கள் மாறின, மாத்ரி மந்திரே ஏதோ ஒரு தூரத்தில், ஏதோ ஒரு கோணத்தில் நிற்கும் புள்ளியாயிற்று. இரு வீடுகளுக்கு இடைப்பட்ட தூரம் மட்டும் இம்மியும் மாறவில்லை. அவள் அந்தத் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

சிறுபாணாற்றுப்படையில் மையத்திலிருந்து அளக்கும் வழக்கமில்லை. எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும், பிறகு வேலூர், பிறகு ஆமூர் என்று உணவை வைத்தே வழி நீள்கிறது. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர். அங்கே உப்பளங்கள் கட்டம் கட்டமாகக் கிடக்கின்றன. எதிர்ப் பாத்தி கண்ணெதிரே தெரியும். ஆயினும் உப்பு விளையும் பாத்திக்குள் கால்வைத்துக் குறுக்கே நடக்க முடியாது. அவளுடைய பெரியம்மா அங்கே வேலை செய்கிறார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வரப்போடு போய், திரும்பி, மறுபடியும் வரப்போடு போகிறார். அந்தத் தூரத்துக்குக் கொசைன் தேவையில்லை. இரண்டு பக்கங்களையும் கூட்டினால் போதும்.