பச்சை இல்லாத கேமரா

யாஷிகா எலக்ட்ரோ 35.
1966ல ஜப்பான்ல வந்த மாடல். நம்ம கைக்கு இப்பதான் புதுசு!

சென்னை பேசின் பிரிட்ஜ்ல நின்னு கண்ணுல வச்சேன்.
நடுவுல ஒரு மஞ்சள் கட்டம். அதுக்குள்ள எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியுது. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, ரெண்டா தெரிஞ்ச ரயில் இன்ஜின் நகர்ந்து வந்து ஒண்ணா ஒட்டிக்கிச்சு. அடடா!

வெளிச்சம் அதிகமானா சிவப்பு விளக்கு.
ஷட்டர் மெதுவானா மஞ்சள்.
வியூஃபைண்டருக்குள்ள பச்சையே கிடையாது. இந்த ஊருக்குன்னே செஞ்சிருப்பாங்க போல.

சென்ட்ரல் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். வழக்கம்போல ஒரு வண்டி சிக்னலுக்கு நின்னுச்சு. திட்டாம ரசிச்ச ஒரே ஆள் நான்தான். ஃபோகஸ் பண்ண டைம் வேணும்ல?

1950ல பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் லைக்கா கேமராவோட திருவண்ணாமலையில ரமண மகரிஷியைப் படம் எடுத்தார்.
நமக்கு கூட்ஸ் பெட்டி.

ரோலுக்கு 36 படம். போன்ல நூறு தட்டுற விரல் இங்க மகா கஞ்சனாயிடுச்சு.

ஆமா, கறுப்பு வெள்ளை ரோல் கழுவித் தர்ற லேப் ராயபுரம் பக்கம் இன்னும் இருக்கா?