பத்து ரூபாய் ஸ்டாம்பும் இருபது சீட்டும்

எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு மாலை ஆறு பேர் பாயில் வட்டமாக உட்காருவோம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி "நான் இப்ப இதைச் செய்றேன்" என்பார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வந்த விளையாட்டு இது. கல்லூரிக்குப் போன தம்பி ஒருவன் கற்றுவந்து எல்லோருக்கும் தொற்ற வைத்துவிட்டான். இருபது முகப் பகடை எங்களிடம் இல்லை. நோட்டு அட்டையைக் கத்தரித்து 1 முதல் 20 வரை எழுதி, டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்குகிறோம். அடிப்படை விதிகளை 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். அதனால் அதற்கும் செலவில்லை.

முதல் கதை முடிந்ததும் அடுத்த நெடுங்கதைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. விற்பனைக்கு இருக்கும் கதைப் புத்தகங்களின் விலை நமக்குக் கட்டாது. விலையைவிட எனக்கு வேறொரு உறுத்தல் இருந்தது. இந்த விளையாட்டில் பாத்திரம் உருவாக்க 'இனம்' ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய புத்தகங்களில் ஓர்க் என்றால் பிறவியிலேயே கெட்டவன். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி கேட்டேவிட்டாள்: "அக்கா, இதுலயும் பொறப்புதானா?" 2024 பதிப்பில் 'ரேஸ்' என்பதை 'ஸ்பீசிஸ்' என்று மாற்றியிருக்கிறார்கள். (காலனி போர்டை 'நகர்' என்று மாற்றி எழுதியதைப் பார்த்த நமக்கு இது புதிதா என்ன!)

கதை கிடைத்தது தாலுகா ஆபீசிலிருந்து. ஒரு குடும்பத்தின் நிலத்துக்காகப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டிருந்தேன். அ-பதிவேட்டு நகல் வந்தது. சர்வே எண், பரப்பு, தரம், தீர்வை. பட்டாதாரர் பெயர் ஊர்த்தெருக்காரருடையது. குறிப்புக் கட்டத்தில் மட்டும் மங்கலாக ஒரு சொல்: நிபந்தனை.

என்ன நிபந்தனை என்பது நம்மில் பலருக்குத் தெரியும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைமை குறித்து அறிக்கை அனுப்பினார். 1892இல் நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத்தான் விற்கலாம். அந்த நிலம்தான் பஞ்சமி நிலம். அது எப்படிக் கைமாறியது என்பதைத் துப்பறிவதற்கு மேல் ஒரு கதை வேண்டுமா?

கற்பனையாக ஒரு ஊரை உருவாக்கினோம். புலப்பட வரைபடத்தைப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் வரப்பு போட்டோம். கர்ணம் வீட்டு மரப்பெட்டி, பிடுங்கி எறியப்பட்ட சர்வே கல், எல்லையை நடந்தே காட்டக்கூடிய ஒரு பாட்டி. பாத்திரத்தாளில் 'இனம்' கட்டத்தை அடித்துவிட்டு 'யாரிடம் கற்றாய்?' என்று எழுதினோம். ஒருவன் "எங்க தாத்தாகிட்ட, பறை" என்று எழுதினான். கூட்டம் கூட்ட அவன் சீட்டு எடுத்தால் மூன்று கூடுதல்.

இரண்டாவது வாரம் சிக்கல் வந்தது. நிலத்தில் அம்பேத்கர் சிலை வைக்க முடிவு செய்தார்கள். ஒரு பையன் சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டினான்: "இப்ப போலீஸ் சுடும், சீட்டு எடுங்க." என் கை போகவில்லை. காரணை நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். இந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டு அதைச் சொன்னேன். வெகுநேரம் பேசிய பிறகு ஒரு விதி சேர்த்தோம்: யார் சாகிறார்கள் என்பதற்குச் சீட்டு எடுப்பதில்லை. சரியான விதியா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆபத்தே இல்லாத நில மீட்பு என்று பிள்ளைகளிடம் பொய் சொல்கிறோமோ என்றும் தோன்றுகிறது.

போன ஞாயிறு அந்தப் பிளஸ் டூ பெண் ரேஷன் பில்லின் பின்பக்கம் ஒரு சர்வே எண்ணை எழுதிக்கொண்டு வந்தாள். ஆயா சொன்னதாம்.

"அக்கா, இது வெளையாட்டுக்கு இல்ல."

செல்போனில் பார்த்தோம். இணையத்தில் இன்றைய பெயர்தான் இருக்கிறது. பழைய பதிவேட்டுக்கு மனு போட வேண்டும். அவளே எழுதட்டும் என்று வெள்ளைத்தாள் கொடுத்திருக்கிறேன்.