பீங்கான் தட்டைத் திருப்பிப் பாருங்கள்!

கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூருக்கு 40 கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஓசூர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் எந்தெந்த ஊர்க்காரர்களோ இங்கே குடியேறிவிட்டார்கள். எங்கள் தெருவிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். மனிதர்கள் வந்தால் பாட்டி காலத்துச் சாமான்களும் கூடவே வரும் இல்லையா? நவராத்திரிக்கு வீடு வீடாகக் கொலு பார்க்கப் போனால், பொம்மைகளுக்குச் சமமாக அலமாரியில் பழைய பூப்போட்ட பீங்கான்களும் நம்மை இழுக்கும்!

காரைக்குடி ஆச்சி வீட்டில், அவர் தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேநீர்க் கோப்பைகள் இருக்கின்றன. பழைய சாமான் வாங்குகிற ஒருவர், "எல்லாம் சாதாரண சைனா சாமான்" என்று சொல்லி, அடிமாட்டு விலைக்குக் கேட்டாராம்.

"ஏம்மா, இது நெசமாவே சீனாவுதானா? பாத்துச் சொல்லு" என்றார் ஆச்சி.

கோப்பையைத் திருப்பினேன். அடியில் ஆங்கிலத்தில் 'நிப்பான்' என்று இருந்தது. அது ஜப்பானின் பெயரல்லவா! இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதால், 1891 முதல் 1921 வரை இந்தப் பெயரைப் போட்டார்கள். அதன்பின் 'ஜப்பான்' என்றே போடவேண்டியதாயிற்று. ஆச்சி கோப்பைகளைக் கொடுக்கவில்லை.

ஆனால் முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய சக்கரவர்த்திகளின் பெயரைப் பிற்காலச் சீனக் குயவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த வீட்டு மாமி பெங்களூர் தண்டுப் பகுதியிலிருந்து வந்தவர். அவரிடம் நீலப் படம் போட்ட தட்டு ஒன்று. வில்லோ மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள். பார்த்தால் சீனா மாதிரியே இருக்கும். ஆனால் இந்த 'வில்லோ' சித்திரம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பிறந்தது! செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய காகிதத்தில் எடுத்து ஒட்டுவார்கள். அதனால் கரைப்பூ ஓரிடத்தில் சரியாகச் சேராமல் இருக்கும். கையால் தீட்டியதில் தூரிகை ஓடிய தடம் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்துப் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு.

இன்னொரு சோதனை. தட்டை விளக்கொளியில் பிடித்துப் பின்னால் விரலை அசையுங்கள். அசல் மெல்லிய பீங்கானில் நிழல் தெரியும். மண் பாண்டத்துக்கு மெருகு பூசியிருந்தால் தெரியாது.

சென்னைக்குப் போனால் ஜார்ஜ் கோட்டை மியூசியத்தைப் பாருங்கள். 1795-இல் கட்டிய கட்டிடம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பீங்கான்களை அங்கே காணலாம். கண்ணுக்குப் பழக்கம் வர அதைவிட நல்ல இடம் இல்லை.

இளம் தாய்மார்களுக்கு முக்கியமாக ஒன்று. பழைய பீங்கானின் வண்ணத்திலும் மெருகிலும் ஈயம் இருக்கலாம். ரசம், ஊறுகாய், எலுமிச்சை போன்ற புளிப்புப் பட்டால் அது உணவில் இறங்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். வண்ணம் தேய்ந்ததிலும் கீறல் விழுந்ததிலும் ஆபத்து அதிகம். ஆகவே பாட்டி தட்டு அலமாரியிலேயே அழகாக இருக்கட்டும். குழந்தைக்குச் சோறு ஊட்ட எவர்சில்வர் கிண்ணம் போதும்.

யார், எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு சீட்டில் எழதி அதனுடனேயே வையுங்கள். நாளை உங்கள் மகளிடம் யாராவது விலை பேச வந்தால், அந்தச் சீட்டு அவளுக்குத் துணை நிற்கும்.